முனகாத மரம்

அப்பா இறந்து பதினேழு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தபோது, அவள் மரக்கிடங்கின் மூன்றாவது அடுக்கின் முன் முழந்தாளிட்டு, ஒரு பலகையின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகம் பதிந்தது. நல்ல ஸ்ப்ரூஸ் மரம். வெளிறிய நிறம், எடை குறைவு, பிசின் வாடை கிடையாது.

“இதுலயே எடுங்கண்ணே. எட்டுப் பலகை.”

தச்சர் எடுக்கவில்லை. அவருடைய இடது சுண்டுவிரலின் நுனியை எப்போதோ வாள் இயந்திரம் வாங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கிடங்கில் அவர் பெயர் ஒன்பதேமுக்கால். அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

“பூஞ்சை, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசி. இது மண்ணுக்குள்ள பத்து வருஷம் நிக்காது.”

“தெரியும்.”

“அந்தப் பக்கம் லார்ச் கெடக்குதே. கெட்டியான சரக்கு.”

“பாரம் ஜாஸ்தி. தூக்குறவங்க பாவம்.”

“அப்ப பைன்?”

“முடிச்சுக்கு முடிச்சு பிசின் கசியும். அம்மா பக்கத்துல உக்காந்து அதையே துடைச்சுக்கிட்டு இருப்பாங்க.”

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. முதல் பலகையை உருவி, கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு பார்த்தார்.

அவள் காலையிலேயே கணக்குப் போட்டு முடித்திருந்தாள். இருபது மில்லிமீட்டர் பலகையில் செய்தால் பெட்டி நாற்பது கிலோ வரும். அப்பா அறுபத்தெட்டு. ஆறு பேர் தூக்கினால் ஆளுக்குப் பதினெட்டு. நேற்று மருத்துவமனையில் அழாதவள், இந்தப் பதினெட்டை எழுதியதும் பேனாவை மூடி வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

பூஞ்சை என்ற பெயரும் ஒன்பதேமுக்கால் வைத்ததுதான். ஒன்றரை வருடத்துக்கு முன்பு, மரத்தைப் பற்றிப் படித்துவிட்டு அப்பாவின் மேசைக்கு உதவியாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு பைன் பலகையிலிருந்த நீலத் திட்டைக் காட்டி, “இது பூஞ்சை. நிறத்தைத்தான் மாத்தும், பலத்தைக் குறைக்காது” என்று யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். அவருக்குக் கேட்டுவிட்டது. “உடம்பே பூஞ்சை. அது பூஞ்சையைப் பத்திப் பாடம் எடுக்குது பாரு” என்றார். கிடங்கே சிரித்தது. மேசையில் குனிந்திருந்த அப்பாவின் தோள்களும் குலுங்கின. அவர் மகளைப் பார்க்காமல் சிரித்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த மேசைதான் கிடங்கின் நடு அச்சு. எந்தக் கட்டடத்தின் எந்தப் பகுதிக்கு எந்த மரம் என்று தாளில் எழுதிக் கையெழுத்திடுவது அப்பாவின் வேலை. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு குச்சி வெளியே போகாது. முப்பத்தொரு வருடம் அப்படித்தான் நடந்தது.

முதலாளி வந்தபோது ஐந்து பலகைகள் தரையில் கிடந்தன. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். மரத்தூளில் வெறுங்காலோடு அவர் நடந்து அவள் பார்த்ததில்லை.

“என்னப்பா இது, ஸ்ப்ரூஸா?” என்றார் தச்சரிடம். “அவ்வளவு வருஷம் உழைச்ச மனுஷனுக்குச் சரக்குப் பெட்டியா அடிக்கிறீங்க? உள்ள வறுத்த பைன் வந்திருக்கு. ஒரு முடிச்சு கிடையாது. அதை எடுங்க. கிடங்கு செய்யுற மரியாதையா இருக்கட்டும்.”

தச்சர் அவளைப் பார்த்தார்.

“வேணாங்கய்யா” என்றாள்.

“என்னம்மா?”

“வறுத்தது வேணாம்.”

“தாயி, அது மண்ணுக்குள்ள எத்தனை வருஷம் கிடந்தாலும் அழுகாது. உனக்கு நான் சொல்லணுமா?”

“அப்பா எதுக்கு அழுகாம இருக்கணும்?”

தச்சரின் கையிலிருந்த அளவு நாடா சர்ரென்று உள்ளே சுருண்டது. முதலாளியிடம் அவள் இதுவரை பேசிய வாக்கியங்களில் இதுதான் நீளமானது. அவளுக்கே காது சுட்டது. ஆனாலும் தரையைப் பார்க்கவில்லை.

“கைப்பிடிக்குத் திருகாணி போட்டா வறுத்தது பிளந்துக்கும். தூக்கும்போது கையோட வந்துடும்” என்று சேர்த்துக்கொண்டாள். அது உண்மை. அதனால் சொல்ல எளிதாக இருந்தது.

கிடங்கில் சூட்டைக் குறிக்கும் சொற்கள் இரண்டு. ‘சூடு’ என்றால், பூச்சி சாகும் அளவுக்கு மட்டும் சூடேற்றி முத்திரை குத்திய சாதாரண மரம். அதன் குணத்தில் எதுவும் மாறுவதில்லை. பலமும் அப்படியே இருக்கும். ‘வறுத்தது’ என்றால், காற்றில்லாத அறையில் இருநூறு டிகிரிக்கு மேல், காப்பித்தூள் நிறம் வரும்வரை வைத்த மரம். பூஞ்சை தின்னும் சர்க்கரை அதில் மிச்சமிருக்காது. மழையில் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் பாரம் தாங்காது. சாதாரண மரம் தாங்க முடியாமல் போனால் முதலில் முனகும்; பிறகு நார் நாராகக் கிழியும்; ஆள் விலக நேரம் கொடுக்கும். வறுத்த மரம் முனகாது. பட்டென்று போகும். அதனால் அதை மேல் பலகையாகப் பதிக்கலாம், சுவரில் ஒட்டலாம். அடியில் விட்டமாக வைக்கக் கூடாது. இது அந்தக் கிடங்கில் டீ கொண்டுவருபவருக்குக்கூடத் தெரியும்.

மருத்துவமனைத் தோட்டத்துக் குளத்தின் மேல் போட்ட நடைபாலத்துக்கு, அப்பாவின் கையெழுத்தோடு போன தாளில், அடி விட்டத்துக்கும் வறுத்த பைன் என்று இருந்தது. பாலம் நான்கு மாதம் நின்றது. பதினோரு மாதங்களுக்கு முன் ஒரு காலையில், உரமூட்டை ஏற்றிய தள்ளுவண்டியோடு போன தோட்டக்காரரையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போனது. அவருடைய தொடை எலும்பு இரண்டாக முறிந்தது.

விசாரணையில் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை நெடுநேரம் பார்த்தாராம். “கையெழுத்து என்னோடது” என்றாராம். ஏன் அந்த மரம் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லையாம். அடுத்த மாதம் அவரை மேசையிலிருந்து எழுப்பி, வாசலில் வண்டி எண் குறிக்கும் வேலையில் உட்காரவைத்தார்கள். அதையும் செய்தார். புதிதாக வரும் ஓட்டுநர்கள் அவரைக் கடந்து போகும்போது, பாலத்தை உடைத்தவர் இவர்தான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அவள் உள்ளே அலுவலக ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“துக்கத்துல இருக்க. உன் இஷ்டப்படியே செய்” என்றார் முதலாளி. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “யானைக்கும் அடி சறுக்கும். உங்கப்பாவுக்கு ஒரே ஒரு தடவை சறுக்கிடுச்சு. ஒரு தப்பை வச்சு ஒரு மனுஷனை எடை போடாதீங்கன்னு இன்னைக்கு எல்லார் முன்னாடியும் நானே சொல்லப்போறேன். அப்புறம், திங்கக்கிழமை வந்து அந்த மேசையில உக்காரு. இனிமே கையெழுத்து உன்னோடதுதான்.”

அவர் போன பிறகு தச்சர் பலகையை மேடையில் ஏற்றி இழைப்புளியைத் தள்ளினார். வெள்ளைச் சுருள்கள் அவர் கையிலிருந்து புரண்டு விழுந்தன. அவள் அடுத்த பலகையின் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

“யானைக்கு அடி சறுக்கும்” என்றார் தச்சர், பலகையிடம் பேசுவதுபோல. “சரி. ஆனா யானை தும்பிக்கைக்கும் வாலுக்கும் வித்தியாசம் தெரியாம முழிக்குமா? அதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் செரிக்கல.”

அவள் பலகையின் முனையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

“அந்தத் தாளோட தேதி எனக்கு ஞாபகம் இருக்கு. என் மகளுக்குப் பொறந்த நாள். சாயங்காலம் ஸ்வீட் எடுத்துக்கிட்டு உங்கப்பாவைப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு கண்ணுல புரை எடுத்துக் கட்டு போட்டிருந்தாங்க, இன்னொன்னுலயும் புரை. டப்பாவைத் தடவித் தடவித்தான் திறந்தாரு.”

இழைப்புளி ஒரு முடிச்சில் மாட்டி நின்றது. அவர் அதை எதிர்த் திசையிலிருந்து தள்ளினார்.

“நான் யார்கிட்டயும் சொல்லல. அவரே என்னோடதுன்னு சொன்னப்புறம் நான் யாரு, நடுவுல?”

“பலகையைத் திருப்பட்டுமாண்ணே?”

“திருப்பு.”

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் வண்டியோடு வந்தான். வேறு ஊரில் வேலை. இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்த கண்கள். பெட்டி முக்கால்வாசி முடிந்திருந்தது. அதைச் சுற்றி ஒரு முறை நடந்தான்.

“முதலாளி ஃபோன் பண்ணாரு. நல்ல மரம் குடுத்தாராம். நீ வேணாம்னுட்டியாம்.”

“ம்.”

“இது என்ன, டிவி வந்த பெட்டி மாதிரி இருக்கு. வர்றவங்க என்ன சொல்லுவாங்க?”

“டிவி நல்லா பேக் பண்ணியிருக்குன்னு சொல்லுவாங்க.”

தச்சர் இருமினார். அண்ணனும் ஒரு நொடி சிரித்துவிட்டு, உடனே முகத்தை இழுத்துப் பிடித்தான். அவளைக் கிடங்கின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அங்கே மழையில் நனைய விட்டிருந்த கழிவுக் கட்டைகள் அடுக்கிக் கிடந்தன.

“இங்க பாரு. இன்னைக்கு நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

“பேசாம இருக்கிறது எனக்கு என்ன புதுசா? பொறந்ததுலேருந்து அதைத்தானே செய்யுறேன்.”

“விளையாடாதே. முதலாளி சொல்லப்போறதைச் சொல்லிட்டுப் போகட்டும். நல்லதாத்தான் சொல்லுவாரு. கேட்டுக்கிட்டு நில்லு.”

“தப்பு செஞ்சாலும் நல்ல மனுஷன்னு சொல்லுவாரு. அதை அப்பா கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கணுமா?”

“அப்பாவுக்குக் கேக்காது.”

சொன்னவுடன் அவன் முகம் சுருங்கியது. கட்டை அடுக்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். அவள் அவன் முதுகைத் தொட நினைத்தாள். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. தொட்டாள்.

“உயிரோட இருக்கிறவங்களைப் பாக்கணும்” என்றான் திரும்பாமல். “அவரே அதைத்தான் சொன்னாரு. நம்ம மூணு பேரையும் உக்காரவச்சுச் சொன்னாரு. சத்தியம்கூட வாங்கினாரு.”

“நீங்க ரெண்டு பேரும் பண்ணீங்க. நான் தலையை ஆட்டவே இல்லண்ணா. நீங்கதான் பாக்கல.”

மூன்று மணிக்குப் புறப்படுவதாக இருந்தது. ஒன்றரைக்குப் பெட்டி வீட்டுக்கு வந்தது. முன் அறையில் இரண்டு முக்காலிகள் போட்டு அதன் மேல் வைத்தார்கள். அப்பாவை உள்ளே கிடத்தியபோது அவருடைய வலது தோள் பலகையில் இடித்தது. மெல்லிய சத்தம். அவள் அகலத்தை இரண்டு முறை அளந்திருந்தாள். ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு அவள்தான் பொறுப்பு என்று தோன்றியது. தச்சர் தோளைச் சற்றே திருப்பிவிட்டார். சரியாகிவிட்டது.

அம்மா ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துவந்து பெட்டியின் பக்கங்களை மறைக்கத் தொடங்கினாள்.

“எதுக்கும்மா?”

“முடிச்செல்லாம் தெரியுது.”

“மரம்னா முடிச்சு இருக்கும்.”

“எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கியே. நேத்து வரைக்கும் இந்த வாய் எங்க இருந்துச்சு?”

விரிப்பின் மறுமுனையை அவள் பிடித்தாள். மறைக்க உதவுகிறாள் என்று அம்மா நினைத்தாள். அவள் இழுத்து, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள். அம்மா அவளை உள் அறைக்குக் கூட்டிப் போனாள். கதவைச் சாத்தவில்லை, சாத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

“அண்ணன் சொன்னான்” என்றாள் தாழ்ந்த குரலில். “நீ என்ன நினைச்சுக்கிட்டு இருக்கேன்னு எனக்குத் தெரியும். வேணாம். ஒரு வருஷமா அந்த மனுஷன் வாசல்ல உக்காந்து வாங்கிக்கட்டிக்கிட்டது எதுக்காக? நீ ஒரே நாள்ல அதைத் தூக்கிப் போட்டுட்டா, அவர் பட்டதெல்லாம் வீணு.”

“நான் கேட்டனா?”

“எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா குடுப்பாங்க, பெத்தவங்க?”

“குடுக்கலம்மா. எடுத்துக்கிட்டாரு.”

அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “சரி. எடுத்துக்கிட்டாரு. எடுத்துக்கிட்டுப் போறாரு. போறவர்கிட்ட அதைத் திருப்பிக் கேக்காதே.”

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து வயதில் அவள் ஒரு கண்ணாடியை உடைத்தபோதும் அப்பா இப்படித்தான் செய்தார். காற்று அடித்ததில் விழுந்தது என்றார். அன்று முழுக்க அவளுக்குக் காற்றின் மேல் பொறாமையாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் சிரிப்பார்கள்.

முன் அறையில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. முதலாளி வந்துவிட்டார். அம்மாவும் அவளும் முன் அறைக்கு வந்து பெட்டியின் ஓரம் நின்றார்கள். கிடங்கிலிருந்து பதினைந்து பேர் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசல்வரை நின்றார்கள். தச்சர் மூடியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, கையில் திருப்புளியோடு அதன் பக்கத்தில் நின்றார்.

முதலாளி பேசினார். நன்றாகவே பேசினார். முப்பத்தொரு வருடம், பலகையை மோந்து பார்த்தே ஈரம் சொல்லும் மூக்கு, நேரம் தவறாத கால். பிறகு யானை வந்தது. அடி சறுக்கியது. “ஒரு தப்பு. ஒரே ஒரு தப்பு. அதை நாம மன்னிச்சுட்டோம். மறந்தும் போயிடுவோம்” என்றார். யாரோ ஆமாம் என்றார்கள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஊன்றுகோலை முன்னால் வைத்து, இடது காலை இழுத்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். தோட்டக்காரர். அவரை அவள் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். மருத்துவமனைத் தோட்டத்தின் கம்பி வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, அவர் குனியாமல் செடிக்குத் தண்ணீர் விடுவதை. உள்ளே போகாமல் திரும்பிவிட்டாள்.

அவர் பெட்டியின் பக்கத்தில் போய் நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“நான் கோபத்தோட வரலம்மா.”

அம்மா தலையசைத்தாள்.

“ரெண்டு தடவை கிடங்குக்கே போய் அவரைப் பாத்தேன். ஏன்யா அந்த மரத்தைப் போட்டீங்கன்னு கேட்டேன். சண்டைக்கு இல்ல. தெரிஞ்சுக்கணும்னுதான். அவர் உக்காந்திருந்த நாற்காலியை எனக்குக் குடுத்துட்டு, தான் நின்னாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. கால் எப்படி இருக்கு, ராத்திரி வலிக்குதான்னு கேட்டாரு. அதுக்கு மட்டும் பதில் சொல்லல.” ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார். “ஒரு சத்தம்கூட வரலம்மா அந்த மரத்துலேருந்து. கொஞ்சம் முனகியிருந்தாக்கூட நான் தாவியிருப்பேன். படுத்தா அதுதான் நினைப்பு வருது. ஏன் அந்த மரம்? இனிமே யாரைக் கேக்குறது? அவ்வளவுதான். போய்ட்டாரு.”

முதலாளி அவருடைய தோளைத் தொட்டார். “விடுங்க பெரியவரே. மனுஷன் கண்ணை மூடிட்டாரு.”

அவளுடைய மணிக்கட்டை அம்மா பிடித்தாள். பிடி இறுகியது. வளையல் எலும்பில் அழுத்தியது. தச்சர் திருப்புளியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். முரட்டுத்தனமாக இல்லை, ஒவ்வொரு விரலாக.

“என்னைக் கேளுங்க” என்றாள்.

தோட்டக்காரர் திரும்பிப் பார்த்தார். உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார்.

“கேக்கலம்மா. எனக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாச் சொல்லு.”

“ஏய்” என்றான் அண்ணன்.

சத்தமாகப் பேசுவது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. வகுப்பில் வருகைப் பதிவுக்கே கையைத்தான் தூக்குவாள். மூச்சை அடிவயிறுவரை இழுத்தாள். குரல் முதலில் உடைந்தது. பிறகு வாசலுக்கும் கேட்கும்படி வந்தது.

“பாலத்துக்கு இன்ஜினியர் குடுத்த தாள்ல அடி விட்டத்துக்கு சூடுன்னு எழுதியிருந்துச்சு. சூடுன்னா சாதா மரம். இங்க நிக்கிற எல்லாருக்கும் அது தெரியும். எனக்குத் தெரியல. படிச்ச திமிர்ல யாரையும் கேக்கல. வறுத்ததுன்னு நினைச்சு, கிடங்குத் தாள்ல வறுத்ததுன்னே எழுதினேன். அப்பா அன்னைக்குக் கண்ணுல கட்டோட ஆஸ்பத்திரியில இருந்தாரு. அந்தத் தாளை அவர் பாக்கவே இல்ல. அவர் கையெழுத்தைப் போட்டது நான்.”

வெளியே, பெட்டியை ஏற்றக் காத்திருந்த வண்டியின் ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.